பரங்கியும் கீரையும் பந்தியில் முதலில் வரட்டும்
திட்டக்குடி வட்டாரத்து மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

திட்டக்குடி, ஆவினங்குடி, பெண்ணாடம், தொழுதூர், ராமநத்தம், கீழ்ச்செருவாய், சிறுபாக்கம் என்று இந்தப் பக்கம் முழுக்க வாரா வாரம் கூடிப் பேசுகிற எல்லா மகளிர் குழுக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மார்கழி பாதி தாண்டிவிட்டது. இந்த வாரக் கூட்டத்தில் பொங்கல் சீட்டுப் பணம் பிரிப்பது, பச்சரிசியும் வெல்லமும் மொத்தமாக எடுப்பது எல்லாம் பேச்சில் வரும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பேசுங்கள். பண்டிகைக்கு நாம் சமைப்பதில் கண்ணுக்கு ஆனது எது? அது வீட்டில் யார் வாயில் போய்ச் சேருகிறது?

நான் இந்த வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலில் வரிசையாக நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர். அளவுக் கரண்டியில் ஊற்றிக் குழந்தை வாயில் விட்ட அந்த மருந்துதான் வைட்டமின் ஏ. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட், மொத்தம் ஒன்பது தடவை. நாட்டில் இந்தத் திட்டம் தொடங்கியது 1970இல். அதற்கு வழிகாட்டிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும், 1918இல் அது ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது நம் குன்னூரில்தான்.

மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு கரண்டி. சாப்பாடு தினமும் மூன்று வேளை. சாப்பாடு சரியாக இருந்தால் கரண்டியை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நமக்குக் கண் தெரிவது விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்கிற நிறமியால். வைட்டமின் ஏ இல்லாமல் அதை உடம்பால் செய்ய முடியாது. இது கண்ணுக்குள் எப்படி நடக்கிறது என்று கண்டு சொன்னதற்காக ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்து குறைந்தால் முதலில் மங்கலான வெளிச்சத்தில் பார்வை போகும், அதுதான் மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரத்தில் விளையாட்டை விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிற குழந்தையை, வாசற்படியில் இடித்துக்கொள்கிற குழந்தையை, "சோம்பேறி", "பயந்தாங்கொள்ளி" என்று திட்டுகிற வீடுகள் உண்டு. அடுத்து கண் வறண்டுபோகும், வெண்விழியில் சோப்பு நுரை மாதிரி சாம்பல் நிறத் திட்டு விழும். அதையும் கவனிக்காமல் விட்டால் கருவிழி இளகிக் கரைந்து பார்வையே போய்விடும். போன பார்வை திரும்பாது.

இப்போது அந்த அளவுக்குப் போகிற குழந்தைகள் மிகக் குறைவு. ஆனால் வெளியே தெரியாத குறைபாடு தீர்ந்துவிடவில்லை. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நாடு முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 100க்கு 18 பேருக்கும், 5 முதல் 9 வயதில் 22 பேருக்கும் வைட்டமின் ஏ போதவில்லை. கண்ணில் ஒரு அறிகுறியும் இல்லாத குழந்தைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, அடிக்கடி சளி என்று வருகிற குழந்தைகளில் சிலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கும்.

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. நம் வெள்ளாற்றுக்குத் தென்கரையில் இன்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களாக இருக்கிற நிலமெல்லாம் 1995 வரை திருச்சி மாவட்டம். அந்தத் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகள். ஒரு வருடம், வாரா வாரம் வீடு தேடிப் போய், பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ கலந்த சொட்டும், மற்றவர்களுக்கு அது கலக்காத சொட்டும் கொடுத்தார்கள். 1990இல் முடிவு வெளியானது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால் இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சோமர் என்ற கண் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு மருந்து கொடுத்துப் பார்த்தபோது 34 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு என்று கொடுத்தது உயிரையே காப்பாற்றியது.

அந்தத் திருச்சி ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த எண்ணிக்கையைவிட, சொட்டின் அளவு. வாரத்துக்கு 8,333 யூனிட். சின்னக் குழந்தை ஒரு வாரம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தே கிடைத்திருக்க வேண்டிய அளவு அவ்வளவுதான். அதாவது அந்தக் குழந்தைகளுக்கு அபூர்வமான மருந்து எதுவும் போகவில்லை. தட்டில் இருந்திருக்க வேண்டியது சொட்டாகப் போனது.

மதுரையில் அதற்கும் முன்பே, 1970களில், டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு காரியம் செய்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கினாரே, அவரேதான். சத்துக்குறைவால் கண் கெட்டு வரும் குழந்தைகளுக்காக மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை ஏற்படுத்தினார். குழந்தையோடு தாயும் அங்கேயே தங்குவார். ஊரில் மலிவாகக் கிடைக்கும் கீரையும் பருப்பும் தானியமும் வைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்டு, அதையே பிள்ளைக்கு ஊட்டி, தேறியபின் ஊருக்குத் திரும்புவார். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் அதே குழந்தை அதே அடுப்பங்கரைக்குத்தான் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கண் மருத்துவர் அடுப்படி வரைக்கும் வந்தார் என்றால், அடுப்படியிலேயே இருக்கும் நாம் எவ்வளவோ செய்யலாம்.

இனி நம் பண்டிகைக்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பொங்கல் படையலை நினைத்துப் பாருங்கள். இலையில் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், மொச்சை, அவரை, வாழைக்காய், கருணை, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு. இதில் கண்ணுக்கு மிக நெருக்கமான சொந்தம் பரங்கி. அதன் ஆரஞ்சு நிறமே பீட்டா கரோட்டின். உடம்புக்குள் போய் அதுதான் வைட்டமின் ஏ ஆகிறது. சந்தையில் பத்தை போட்டு விற்கும்போது வெளிர் மஞ்சளை ஒதுக்கிவிட்டு, அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் நன்றாகப் பழுத்ததை எடுங்கள். நிறம் ஏற ஏறச் சத்தும் ஏறும். இப்போது பல வீடுகளில் பரங்கி படையலுக்கு மட்டும் நான்கு துண்டு போடுகிற காயாகிவிட்டது. குழம்பில் விழுந்த துண்டையும் பிள்ளைகள் இலை ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறார்கள். அது மாட்டுக்குப் போகிறது. ஒதுக்குகிற பிள்ளைக்கு அதைத் தனித்துண்டாக வைக்காதீர்கள். சோற்றோடு ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்துவிட்டால் இனிப்பாக இருக்கும், சாப்பிட்டுவிடும்.

சாமிக்கு வைக்கும் பானையை மாற்றச் சொல்ல மாட்டேன். வாசலில் பொங்குகிற பொங்கல் எப்போதும் போலவே பொங்கட்டும். வீட்டுக்குள் இரண்டாவது அடுப்பில் பரங்கிப் பொங்கல் வையுங்கள். 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் வறுத்த பாசிப்பருப்பு, தோல் சீவி ஆவியில் வேகவைத்து மசித்த பரங்கி கால் கிலோ. அரிசியும் பருப்பும் பாலும் தண்ணீரும் சேர்த்துக் குழைய வெந்தபின் பரங்கி மசியலைப் போட்டுக் கிளறி, கரைத்து வடிகட்டிய வெல்லப்பாகை ஊற்ற வேண்டும். வழக்கமாகப் போடும் வெல்லத்தில் பாதி போதும், பரங்கியே இனிக்கும். மூன்று ஸ்பூன் நெய், ஏலக்காய், நம் விருத்தாசலம் பக்கத்து முந்திரி. கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை கூடத் தேவைப்படாத நிறம் அதற்குத் தானாகவே வந்துவிடும். கடை லட்டிலும் ஜாங்கிரியிலும் பார்க்கிற ஆரஞ்சு வெறும் சாயம். பார்ப்பதற்கு மட்டும்தான், பார்வைக்கு ஒன்றும் செய்யாது.

நெய் அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. கரோட்டின் கொழுப்பில் கரைகிற சத்து. எண்ணெயோ நெய்யோ துளியும் இல்லாமல் வேகவைத்த கீரையைச் சாப்பிட்டால் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். அதற்காகக் குழம்பில் எண்ணெய் மிதக்க வேண்டியதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், கீரையோடு 5 கிராம் கொழுப்பு சேர்ந்தாலே கரோட்டின் நன்றாக உட்கிரகிக்கப்படுகிறது என்று 1980இலேயே தெரிந்தது. 5 கிராம் என்பது ஒரு டீஸ்பூன். வசதி குறைந்த வீட்டிலும் ஒரு குழந்தைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் கிடைக்கும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு சங்கதி உண்டு. நம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் தோல் சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் ரகம். பசி ஆறும், கண்ணுக்கு அதில் அதிகம் இல்லை. உள்ளேயும் ஆரஞ்சு நிறமாக இருக்கும் ரகத்தைத்தான் மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் ஏழைக் குழந்தைகளின் கண்ணுக்காகப் பரப்பினார்கள். அந்த வேலைக்காக 2016இல் மரியா ஆண்ட்ரேடு, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ, ஹவார்த் பூயிஸ் ஆகிய நால்வருக்கு உலக உணவுப் பரிசு கொடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 'பூ சோனா' என்று ஓர் ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. நிலம் வைத்திருக்கும் குழுக்காரர்கள் அதன் கொடியை வரவழைத்து, கிணற்றுப் பாசனத்தில் ஐந்து சென்ட்டில் போட்டுப் பார்க்கலாம். அடுத்த பொங்கலுக்கு ஊரே வாங்கிக்கொள்ளும்.

அதைவிடச் சுலபம் பரங்கி. ஆடிப் பட்டத்தில் குப்பைமேட்டு ஓரம் நான்கு விதை ஊன்றினால் மார்கழியில் வாசல் கோலத்துக்குப் பூவும் தையில் படையலுக்குக் காயும் தரும். பூப் பறிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். காம்புக்கு மேலே குட்டிக் காய் உருண்டு நிற்பது பெண்பூ, அதைத் தொடாதீர்கள். நீளக் காம்போடு வெறுமனே நிற்கும் ஆண்பூக்கள் ஏராளமாகப் பூக்கும். அவற்றைக் காலையில் மகரந்தம் சேர்ந்தபின் பறித்தால் கோலமும் நிறையும், காயும் நிற்கும்.

பொங்கலோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. ஒருநாள் விருந்தால் வருடம் முழுக்கக் கண்ணைக் காப்பாற்ற முடியாது. நம் பண்டிகைகளைக் கொஞ்சம் பாருங்கள், பச்சை இல்லாத மாதமே இல்லை. ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். வைகுண்ட ஏகாதசிக்கு விரதம் இருந்து, தூக்கம் விழித்து, மறுநாள் துவாதசியில் விரதம் முடிக்கும்போது இலையில் முதலில் விழுவது அகத்திக்கீரையும் நெல்லிக்காயும். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரைக் கட்டு. மாட்டுக்குக் கொடுக்கிற அன்றைக்கே இன்னொரு கட்டு வாங்கி வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். வைத்தியநாத சுவாமியும் அசனாம்பிகையும் குடியிருக்கிற ஊர் நம்முடையது. கோயில் வாசலில் வாங்கின கீரை வீட்டு இலைக்கு வருவதில் எந்தத் தெய்வத்துக்கும் வருத்தம் இருக்காது.

கீரைகளில் முருங்கைக்கு ஈடு எதுவுமில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலில் 100 கிராம் முருங்கை இலையில் சுமார் 17 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்று இருக்கிறது. இவ்வளவும் வைட்டமின் ஏ ஆகிவிடாது. பன்னிரண்டில் ஒரு பங்கு என்றுதான் பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், வயிற்றில் பூச்சி இருக்கும் குழந்தைக்கு அதுவும் குறையும். அப்படியும் மிச்சம் நிற்பது பெரிது. நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை 510 மைக்ரோகிராம். அந்த 17 மில்லிகிராமைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,400க்கு மேல் வரும். காசு கொடுக்காமல் கொல்லையில் ஒடித்துக்கொள்கிற இலை இது.

அதைச் சமைக்க நம் மல்லாட்டை (நிலக்கடலை) இருக்கிறது. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டைக்கும் முந்திரிக்கும் பேர் போனது. அங்கிருந்து வந்த 'விஆர்ஐ' ரகங்களை விதைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு பிடி மல்லாட்டையை வறுத்துத் தோல் தேய்த்து, இரண்டு காய்ந்த மிளகாயும் இரண்டு பல் பூண்டும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகும் சின்ன வெங்காயமும் தாளித்து, கழுவி ஆய்ந்த கீரையைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி, வெந்ததும் இறக்குகிற நேரத்தில் பொடியைத் தூவுங்கள். மல்லாட்டையின் எண்ணெயே கரோட்டினை உடம்புக்குள் இழுத்துச் சேர்த்துவிடும். கீரையை மணிக்கணக்காக வதக்கிச் சுருட்டினால் சத்து கருகிப்போகும். மூடிவைத்துச் சீக்கிரம் வேகவைத்து இறக்குவதுதான் சரி.

கோடையில் கீரை கிடைக்காத நாளுக்கு இலையைக் காயவைத்துப் பொடியாக்கி வைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மொட்டை மாடி வெயிலில் உலர்த்தினால் கரோட்டினில் பெரும்பகுதி அழிந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். பொடியையும் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பளபளவென்று தெரிகிற பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். விருத்தாசலத்தில் சூளை போட்டுச் சுடுகிற மூடிபோட்ட பீங்கான் ஜாடி இதற்கென்றே பிறந்தது. ஒளி உள்ளே புகாது, புளியோ எண்ணெயோ அதை அரிக்காது. குழுவாகப் பொடி செய்து விற்க நினைக்கிறவர்கள் அந்த ஜாடியிலேயே போட்டு விற்றால் நம் பக்கத்துச் சூளைக்காரர்களுக்கும் வேலை.

கறி சாப்பிடுகிற வீடுகளில் மாட்டுப் பொங்கலும் கரிநாளும் ஈரல் வரும் நாட்கள். உடம்பு உடனே எடுத்துக்கொள்கிற வைட்டமின் ஏ ஆட்டு ஈரலில்தான் நிறைய இருக்கிறது. மாலைக்கண்ணுக்கு ஈரலைச் சுட்டுக் கொடுப்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும், ஆயிரக்கணக்கான வருடம் முன்னால் எகிப்துக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. குழந்தைக்கு இரண்டு துண்டு போதும். ஆனால் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், ஈரலை அள்ளி வைக்காதீர்கள். ஈரலில் உள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். கீரையிலும் பரங்கியிலும் வருகிற கரோட்டினுக்கு அந்தப் பயம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். முட்டையை எல்லோரும் சாப்பிடலாம். நம் மங்களூர்ப் பக்கம் காடு காடாக விளைகிற மக்காச்சோளம் லாரி ஏறிக் கோழித் தீவனமாகப் போகிறது. அந்தச் சோளத்தின் மஞ்சள்தான் முட்டைக் கருவுக்கு நிறம் கொடுக்கிறது. லூட்டீன், ஸியாசாந்தின் என்கிற அந்த மஞ்சள் சத்துக்கள் நம் விழித்திரையின் நடுப்புள்ளியிலும் படிந்திருக்கின்றன. இதைச் சொல்லி விலை உயர்ந்த மாத்திரை விற்க யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். அந்தச் சத்துக்களைப் பற்றிய அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, வயதானபின் விழித்திரை நடுப்புள்ளி கெடத் தொடங்கியவர்களுக்கானது. மற்றவர்களுக்குக் கீரையும் முட்டையும் போதும்.

இப்போது நான் எழுத வந்ததில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இவ்வளவும் சமைத்தபின் யார் சாப்பிடுகிறார்கள்?

பண்டிகை அன்று பந்தி ஆண்களுக்கு முதலில், விருந்தாளிகளுக்கு அடுத்து, பிள்ளைகளுக்கு இடையில், சமைத்தவளுக்குக் கடைசியில். கடைசி இலைக்கு வரும்போது சட்டியில் சோறும் ரசமும் இருக்கும். கூட்டும் பொரியலும் வழித்தெடுத்தாகியிருக்கும். விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்ற மருமகள் மாசமாக இருக்கலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவளாக இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 950 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ வேண்டும், வீட்டில் உழைக்கிற ஆணுக்கு வேண்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம். அவள் சாப்பிட்டால்தான் பாலில் வரும், பாலில் வந்தால்தான் குழந்தைக்குப் போகும். மாசமாக இருக்கும்போது பொழுது சாய்ந்தால் கண் மங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தான்டி இருக்கும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அது சத்து குறைந்துவிட்டது என்று உடம்பு சொல்வது. நர்சிடம் அன்றே சொல்லுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள்: இந்தப் பொங்கலுக்கு உங்கள் குழுவில் ஒவ்வொரு வீட்டிலும், படையல் முடிந்த உடனே, பந்தி போடும் முன்னால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் மாசமாக இருப்பவளுக்கும் பால் கொடுப்பவளுக்கும் பரங்கியும் கீரையும் முட்டையும் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். மாமியார்களாக இருக்கிற அக்காமார்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. மருமகள் தானாகக் கேட்க மாட்டாள். நீங்கள் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். முன்பு குழந்தைகளின் கண்ணைப் பறித்தது சத்துக் குறைவு. இன்று விழித்திரை ரத்தக் குழாய்களை அரித்து நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணைப் பறிக்கிறது சர்க்கரை. வலி இருக்காது, எரிச்சல் இருக்காது, கடைசிவரை நன்றாகத் தெரிவது மாதிரியே இருக்கும். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் நம் கரும்புப் பக்கத்தில் அதிகம். ரத்தத்தில் வெல்லமும் சர்க்கரையாகத்தான் ஏறும். அவர்களுக்குப் பண்டிகையை இல்லை என்று சொல்ல வேண்டாம். வரகரிசியில் வெண்பொங்கல், மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, அளவாக ஒரு கரண்டி. பொங்கல் குழம்பில் மொச்சையும் அவரையும் நிறைய. கீரை இன்னும் நிறைய. இனிப்பு நாக்குக்கு ஒரு ஸ்பூன், அதோடு சரி. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை விடாமல் போடச் சொல்லுங்கள். வருடம் ஒரு தடவை கண்ணில் சொட்டு விட்டுப் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்ப்பது கட்டாயம். பாண்டிச்சேரி அரவிந்த் 2003 முதல் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. பேருந்துச் செலவுக்குத் தயங்கும் வீடாக இருந்தால் குழுக் கடனில் கொடுத்து அனுப்புங்கள்.

சமைக்கிறவர்களின் கண்ணையும் யாராவது நினைக்க வேண்டும். பொங்கலுக்கு வாசலில், திறந்த வெளியில் விறகடுப்பு எரிப்பதில் தவறில்லை. வருடம் முழுக்கக் காற்றுப் போகாத அறைக்குள் கரும்புச் சோகையும் மிலாறும் வைத்து எரிக்கிற பெண்களுக்குக் கண்புரை கூடுதலாக வருகிறது என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. எரிவாயு உருளை இருந்தும் விலைக்குப் பயந்து மூலையில் நிறுத்திவைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். குறைந்தது அடுப்பைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவாருங்கள், கூரையில் புகைபோக்கி வையுங்கள்.

சாப்பாட்டால் ஆகாதவையும் உண்டு. கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று பிள்ளையை ஏமாற்றாதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடிதான் மருந்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் விமானிகள் கேரட் சாப்பிட்டே இருட்டில் எதிரியைப் பார்த்ததாகப் பரப்பிய பேச்சு இன்னும் உலகத்தில் சுற்றுகிறது; உண்மையில் அவர்களிடம் இருந்தது ரேடார். புரை விழுந்த கண்ணுக்கு அறுவை செய்ய வேண்டும். கண் சிவந்தால் தாய்ப்பாலும் இலைச் சாறும் விளக்கெண்ணெயும் ஊற்றுவதை அடியோடு விடுங்கள். பொன்னாங்கண்ணி சட்டியில் இருக்கட்டும், கண்ணுக்குள் போக வேண்டாம்.

வரும் கூட்டத்தில் நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் குழுவில் யார் யார் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், மாசமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் என்று தீர்மான நோட்டிலேயே எழுதுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துவரச் சொல்லி வைட்டமின் ஏ கட்டங்களைப் பாருங்கள். விட்டுப்போன தவணை இருந்தால் அங்கன்வாடி டீச்சரிடமும் செவிலியரிடமும் சொல்லுங்கள்; கூடுதலாக நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம், அளவு மீறினால் அதுவும் நஞ்சு. பொங்கல் சாமான் பட்டியலில் வெல்லத்துக்கும் கரும்புக்கும் கீழே, வீட்டுக்கு ஒரு கிலோ பழுத்த பரங்கி என்று ஒரு வரி சேருங்கள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும். அறுக்கும்போது எல்லோரும் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஆடிக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நர்சம்மா,
திட்டக்குடி